ஒரே மாதிரி தெரியும் மூன்று மடக்குக் கத்திகள்: பட்ஜெட்டுக்குள் எதை வாங்குவது, எதைத் தவிர்ப்பது?

ஆன்லைனில் 'மடக்குக் கத்தி' என்று தேடிப் பாருங்கள். வரிசையாக வரும் முதல் மூன்று படங்களும் ஒரே அச்சில் வார்த்தது போல இருக்கும். கறுப்புக் கைப்பிடி, சாம்பல் நிற பிளேடு, பாக்கெட்டில் மாட்டிக்கொள்ள ஒரு கிளிப். ஒன்று 599 ரூபாய், அடுத்தது 1,299, மூன்றாவது 2,199 என்று வைத்துக்கொள்வோம். மூன்றிலும் 'உயர்தர ஸ்டெயின்லெஸ் ஸ்டீல்' என்று போட்டிருக்கும். மூன்றுக்கும் நாலு ஸ்டாருக்கு மேல் ரேட்டிங்.

"எல்லாம் ஒண்ணுதானே, 599-யே போதும்" என்று ஒரு மனசு சொல்லும். "காசு அதிகம்னா தரமும் அதிகமாத்தானே இருக்கும்" என்று இன்னொரு மனசு சொல்லும். இரண்டுமே தப்பாகப் போகலாம். மலிவான கத்தியின் லாக் நழுவினால், பிளேடு மடங்கி வந்து விழுவது உங்கள் விரல் மேல்தான். விலை உயர்ந்த கத்தியில் பட்டனும் ஸ்பிரிங்கும் இருந்தால், டெல்லியில் வேலை பார்க்கும் உங்களுக்கு அது போலீஸ் ஸ்டேஷன் வரை இழுக்கும் விஷயமாகலாம்.

அதனால் 'பை நவ்' பட்டனை அழுத்தும் முன் என்ன பார்க்க வேண்டும்? ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

முதல் கேள்வி: உங்களுக்குக் கத்தி தேவைதானா?

இந்தக் கேள்விக்கு நேர்மையாகப் பதில் சொன்னாலே பாதிப் பேருக்குச் செலவு மிச்சம். உங்கள் தேவை பார்சல் அட்டைப்பெட்டியைப் பிரிப்பது மட்டும்தான் என்றால், ஸ்டேஷனரி கடையில் கிடைக்கும் கட்டரே போதும். முனை மழுங்கினால் ஒரு துண்டை உடைத்து எறிந்துவிட்டுப் புது முனையோடு வேலையைத் தொடரலாம். சாணை பிடிக்கும் வேலை கிடையாது. துணி லேபிள், பால் பாக்கெட், மசாலா கவர் வெட்ட ஒரு சின்னக் கத்தரிக்கோலே இன்னும் வசதி.

மடக்குக் கத்தி கை கொடுப்பது வேறு இடங்களில். பிஜி அறையில் பழம், வெங்காயம் நறுக்க. ரயில் பயணம் முடிந்து இறங்கிய ஊரில் கொய்யா வாங்கிச் சாப்பிட. ட்ரெக்கிங்கில் கயிறு வெட்ட. பைக்கில் போகும்போது ஒரு ஜிப் டை, ஒரு பிளாஸ்டிக் பட்டை வெட்ட. நம் வீட்டுத் தாத்தாக்கள் இடுப்பு மடிப்பிலோ சட்டைப் பையிலோ வைத்திருந்த பேனாக்கத்தியும் இதற்குத்தான். இறகுப் பேனாவின் முனையைச் சீவ வைத்திருந்த சின்னக் கத்திக்கு வந்த பெயர் அது. பேனா மாறிவிட்டது, பெயர் நின்றுவிட்டது.

'செல்ஃப் டிஃபென்ஸ்' காரணத்துக்காக வாங்கும் எண்ணம் இருந்தால், அதை இங்கேயே கைவிட்டுவிடுங்கள். பயிற்சி இல்லாதவர் கையில் இருக்கும் கத்தி முதலில் அவரையே காயப்படுத்தும்; எதிராளி பிடுங்கிக்கொண்டால் நிலைமை இன்னும் மோசம். பையில் ஏன் கத்தி என்று போலீஸ் கேட்டால், 'தற்காப்புக்கு' என்ற பதில் உங்களுக்கு உதவாது.

சட்டம் என்ன சொல்கிறது?

இந்தியாவில் இதற்கான அடிப்படை 1959-ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டமும், 2016-இல் வந்த ஆயுத விதிகளும். அந்த விதிகளின் பட்டியலில், துப்பாக்கி அல்லாத ஆயுதங்கள் என்ற பிரிவில் கத்தியும் வருகிறது. அங்கே ஒரு அளவு சொல்லப்பட்டிருக்கிறது: பிளேடு 9 அங்குலத்துக்கு மேல் நீளமாகவோ, 2 அங்குலத்துக்கு மேல் அகலமாகவோ இருந்தால் அது ஆயுதக் கணக்கு. கூடவே ஒரு விலக்கும் உண்டு. வீட்டு உபயோகம், விவசாயம், அறிவியல், தொழில் ஆகியவற்றுக்காக வடிவமைத்தவை இதில் சேராது. அதனால்தான் அரிவாள்மனைக்கும் தேங்காய் வெட்டும் அரிவாளுக்கும் யாரும் லைசென்ஸ் கேட்பதில்லை.

நாம் பேசும் மடக்குக் கத்திகளின் பிளேடு பெரும்பாலும் 3 முதல் 3.5 அங்குலம்தான். 'அப்போ பிரச்சனையே இல்லையே' என்று நினைக்க வேண்டாம். ஒரு குறிப்பிட்ட பகுதியில் துப்பாக்கி அல்லாத ஆயுதங்களையும் கட்டுப்படுத்தத் தேவை இருப்பதாகக் கருதினால், அறிவிக்கை வெளியிட இந்தச் சட்டத்தின் 4-ஆம் பிரிவு வழி வைத்திருக்கிறது.

டெல்லி அதற்கு நல்ல உதாரணம். 1980 அக்டோபரில் வெளியான டெல்லி நிர்வாக அறிவிக்கை, ஸ்பிரிங்கால் திறக்கும் கத்திகள், பட்டன் கத்திகள், வேறு ஏதாவது இயந்திர அமைப்பால் திறந்து மூடும் கத்திகள் ஆகியவற்றைக் குறிப்பிடுகிறது. அளவும் தெளிவாக இருக்கிறது: பிளேடு 7.62 சென்டிமீட்டர் அல்லது அதற்கு மேல் நீளம், 1.72 சென்டிமீட்டர் அல்லது அதற்கு மேல் அகலம். 7.62 செ.மீ. என்றால் சரியாக 3 அங்குலம். ஆன்லைனில் கிடைக்கும் 'டாக்டிகல்' கத்திகளில் பல இந்த அளவைத் தாண்டியவை. ஒரு பொருள் இணையத்தில் விற்பனைக்கு இருக்கிறது என்பதாலேயே அதை எல்லா ஊரிலும் வைத்துக்கொள்ளலாம் என்று அர்த்தமில்லை.

உத்தரப் பிரதேசத்தின் ராம்பூர் கதை இன்னும் சுவாரசியம். நீளமான பிளேடு கொண்ட மடக்குக் கத்திக்கு அந்த ஊர் பெயர் போனது. பழைய இந்திப் படங்களில் வில்லன் கையில் 'ராம்பூரி' இல்லாமல் இருக்காது. 1990-களில் மாநில அரசு நாலரை அங்குலத்துக்கு மேல் பிளேடு கூடாது என்று கட்டுப்பாடு கொண்டுவர, அந்தத் தொழில் பெரிய அடி வாங்கியது. அதே ஊரில் 2023-இல் ஒரு சந்திப்பில் 6 மீட்டருக்கு மேல் நீளமான பிரம்மாண்டக் கத்தியைச் சின்னமாக நிறுவினார்கள். ஒரே பொருள் ஒரு காலத்தில் குற்றத்தின் அடையாளம், இன்னொரு காலத்தில் ஊரின் பெருமை!

நடைமுறையில் மனதில் வைக்க வேண்டியவை இவை:

• பட்டனை அழுத்தினால் பாய்ந்து திறக்கும் கத்தியும், பாதி திறந்ததும் ஸ்பிரிங் உதவியோடு தானே முழுதும் திறந்துகொள்ளும் கத்தியும் வேண்டவே வேண்டாம்.

• கையால் மட்டுமே திறக்கும் கத்தி, பிளேடு 3 அங்குலத்துக்குள் என்று வைத்துக்கொண்டால் பெரும்பாலான சிக்கல்கள் தீர்ந்துவிடும்.

• தேர்தல், கலவரம், ஊர்வலம் போன்ற நேரங்களில் முன்பு 144 என்று சொன்ன தடை உத்தரவு, 2024 ஜூலை முதல் பாரதிய நாகரிக் சுரக்‌ஷா சன்ஹிதாவின் 163-ஆம் பிரிவின் கீழ் வருகிறது. அந்த உத்தரவில் ஆயுதங்கள் எடுத்துச் செல்லத் தடை இருக்கலாம். அப்படிப்பட்ட நாளில் கத்தி வீட்டிலேயே இருக்கட்டும்.

• விமானத்தில் கேபின் பையில் கத்திக்கு அனுமதி கிடையாது, பேனாக்கத்தியாக இருந்தாலும். செக்-இன் பையில்தான் வைக்க வேண்டும். சாவிக்கொத்தில் மாட்டிய குட்டிக் கத்தியை மறந்துவிட்டு, பாதுகாப்புச் சோதனையில் அதைத் தொலைக்கிறவர்கள்தான் அதிகம். விமான நிலையம் கிளம்பும் முன் சாவிக்கொத்தை ஒரு தடவை பாருங்கள்.

• மெட்ரோ, மால், ஐடி பார்க் எல்லாவற்றிலும் பை ஸ்கேனருக்குள் போகும். தினமும் மெட்ரோவில் வேலைக்குப் போகிறவருக்கு, பையில் கத்தி என்பது தினமும் ஒரு விசாரணை.

ஸ்டீலுக்கு முன் லாக்கைப் பாருங்கள்

கத்தி வாங்கும்போது எல்லோரும் முதலில் கேட்பது 'என்ன ஸ்டீல்?'. ஆனால் உங்கள் விரலைக் காப்பாற்றுவது லாக். திறந்த பிளேடு தானாக மடங்காமல் தடுக்கும் அமைப்பு அது. பட்ஜெட் விலையில் நாலு வகைதான் அதிகம் பார்க்கலாம்.

முதலாவது, லாக்கே இல்லாத வகை. உள்ளே ஒரு பட்டை ஸ்பிரிங் பிளேடை அழுத்திப் பிடித்திருக்கும், அவ்வளவுதான். கொஞ்சம் பலமாக அழுத்தினால் மடங்கிவிடும். சுவிஸ் ஆர்மி கத்திகளில் பெரும்பாலானவை இப்படித்தான். இது குறை இல்லை. நறுக்குவதற்கும் சீவுவதற்கும் தாராளம். முனையால் குத்தித் துளை போடும் வேலைக்கு மட்டும் ஆகாது.

இரண்டாவது லைனர் லாக். கைப்பிடிக்குள் ஓடும் மெல்லிய தகடு ஒன்று வளைந்து வந்து, திறந்த பிளேடின் அடிப்பாகத்துக்கு முட்டுக் கொடுக்கும். கதவுக்குப் பின்னால் முட்டுக்கட்டை வைப்பது போல. இன்று ஆன்லைனில் கிடைக்கும் மலிவுக் கத்திகளில் பெரும்பகுதி இதுதான். நன்றாகச் செய்தால் நம்பகமானது. மோசமாகச் செய்தால், தகடு பிளேடின் ஓரத்தை மட்டும் தொட்டுக்கொண்டு நிற்கும். கொஞ்சம் திருகினால் நழுவிவிடும்.

மூன்றாவது பேக் லாக். கைப்பிடியின் முதுகுப்பக்கம் ஒரு கொக்கி பிளேடைப் பிடித்திருக்கும். அதை அழுத்தினால்தான் மூடும்.

நாலாவது வளைய லாக். கைப்பிடியின் கழுத்தில் இருக்கும் உலோக வளையத்தைத் திருப்பினால் பிளேடு பூட்டிக்கொள்ளும். ஒபினெல் நிறுவனம் 1955 முதல் இதைப் பயன்படுத்துகிறது. பார்க்க எளிமை, வேலையில் உறுதி.

ஒரே மாதிரி தெரியும் இரண்டு லைனர் லாக் கத்திகளில் விலை வித்தியாசம் எங்கிருந்து வருகிறது என்றால், பெரும்பாலும் இந்தத் தகடும் பிளேடும் எவ்வளவு துல்லியமாகப் பொருந்துகின்றன என்பதில்தான். அது படத்தில் தெரியாது. கையில் வந்ததும்தான் தெரியும்.

ஸ்டீல் எண்களைப் படிப்பது எப்படி?

'ஸ்டெயின்லெஸ் ஸ்டீல்' என்று மட்டும் போட்டிருந்தால் எதுவுமே சொல்லவில்லை என்று அர்த்தம். டிபன் பாக்ஸும் ஸ்டெயின்லெஸ்தான், அதில் கத்தி செய்ய முடியாது. ஸ்டீலின் பெயர் இருக்க வேண்டும். பெயர் இருந்தால் படிப்பது சுலபம்.

சீன ஸ்டீல்களின் பெயரிலேயே விடை இருக்கிறது. '3சிஆர்13' என்றால் சுமார் 0.3 சதவீதம் கார்பன், 13 சதவீதம் குரோமியம். '8சிஆர்13எம்ஓவி' என்றால் சுமார் 0.8 சதவீதம் கார்பன், 13 சதவீதம் குரோமியம், கூடக் கொஞ்சம் மாலிப்டினமும் வனேடியமும். கார்பன் கூடினால் கடினம் கூடும், கூர்மை அதிக நாள் நிற்கும். குரோமியம் துருவை எதிர்க்கும். எனவே முதல் எண் 3 என்றால் சீக்கிரம் மழுங்கும். 8 என்றால் பட்ஜெட்டில் போதுமான தரம்.

'440' என்று மட்டும் இருந்தால் கவனம். 440ஏ, 440பி, 440சி என்று மூன்று உண்டு. 'சி'-யில்தான் கார்பன் 1 சதவீதத்தை ஒட்டி இருக்கும். எழுத்தைச் சொல்லாமல் 440 என்று மட்டும் போட்டால், அது 'சி' இல்லை என்று எடுத்துக்கொள்வதே புத்திசாலித்தனம்.

'டி2' இப்போது பட்ஜெட் கத்திகளில் பிரபலம். கார்பன் சுமார் 1.5 சதவீதம், குரோமியம் சுமார் 12. கூர்மை நீண்ட நாள் நிற்கும். ஆனால் அந்த குரோமியத்தில் ஒரு பகுதி கார்பனோடு சேர்ந்து கார்பைடாகிவிடுவதால், துருவைத் தடுக்க மிஞ்சுவது குறைவு. முழு ஸ்டெயின்லெஸ் இல்லை. சென்னை, மும்பை, கொச்சி மாதிரிக் கடல்காற்று ஊர்களில் துடைக்காமல் வைத்தால் புள்ளி புள்ளியாகத் துரு வரும். இன்னொன்று, மழுங்கிவிட்டால் சாதாரண சாணைக்கல்லில் கூராக்க நேரம் பிடிக்கும். வைரத்தூள் பூசிய தகடு இருந்தால் சுலபம். அது தனிச் செலவு.

கடினத்தை 'ராக்வெல் சி' என்ற அளவில் சொல்வார்கள். விக்டோரினாக்ஸ் பிளேடு சுமார் 56. ஒழுங்காகச் செய்த 8சிஆர்13எம்ஓவி சுமார் 57 முதல் 59. டி2 சுமார் 60. எண் அதிகமானால் கூர்மை நிற்கும், ஆனால் முனை உடையும் வாய்ப்பும் கூடும், சாணை பிடிப்பதும் கஷ்டம். '56-தானா' என்று முகம் சுளிக்க வேண்டாம். சமையலறையில் பத்து நிமிடத்தில் மறுபடி கூராக்கிக்கொள்ளக்கூடிய கத்தி, கூராக்கவே முடியாத கத்தியை விட மேல்.

எல்லாவற்றுக்கும் மேலே ஒன்று: அதே ஸ்டீலை ஒருவர் சரியான சூட்டில் பதப்படுத்துவார், இன்னொருவர் அவசரத்தில் கெடுப்பார். பதம் தப்பினால் எந்த ஸ்டீலும் வீண். அதனால் பெயர் தெரியாத நிறுவனத்தின் டி2-வை விட, பெயர் தெரிந்த நிறுவனத்தின் 8சிஆர்13எம்ஓவி மேல்.

பிளேடின் தடிமன்: யாரும் பார்க்காத விஷயம்

ஒரு ஆப்பிளை எடுத்துக்கொள்ளுங்கள். மெல்லிய பிளேடு அதை நறுக்கும். தடித்த பிளேடு ஆப்பு மாதிரி உள்ளே போய்ப் பிளக்கும். பாதி வழியில் 'டக்' என்று ஆப்பிள் இரண்டாக உடைந்தால், காரணம் கூர்மை இல்லை, தடிமன்.

'டாக்டிகல்' கத்திகள் பார்க்க முரட்டுத்தனமாக இருக்க வேண்டும் என்பதற்காக 3 மில்லிமீட்டரும் அதற்கு மேலும் தடிமனாக வரும். ஒபினெல் 8-ஆம் எண் கத்தியின் பிளேடு 2 மில்லிமீட்டருக்கும் குறைவு. தக்காளி நறுக்கிப் பார்த்தால் வித்தியாசம் உடனே தெரியும். உணவுதான் உங்கள் முக்கிய வேலை என்றால் 2 முதல் 2.5 மி.மீ.க்குள் பாருங்கள். பிளேடில் பாதி தூரம் ரம்பப் பல் இருப்பதையும் தவிர்த்துவிடுங்கள். கயிறுக்கு அது நல்லது, ஆனால் வீட்டில் சாணை பிடிக்க முடியாது.

மூன்று தேர்வுகள், நேருக்கு நேர்

பட்ஜெட் சுமார் இரண்டாயிரம், இரண்டாயிரத்து ஐநூறு என்றால் சந்தையில் நிஜமான போட்டி இந்த மூன்று வகைக்குள்தான். சலுகை நாள்களில் விலை ஏறி இறங்கும் என்பதால், வாங்கும் நாளில் ஒப்பிட்டுக்கொள்ளுங்கள்.

விக்டோரினாக்ஸ்: சுவிட்சர்லாந்தில் கார்ல் எல்செனர் 1884-இல் தொடங்கியது. 'கிளாசிக் எஸ்டி' 58 மி.மீ. நீளம், சாவிக்கொத்தில் மாட்டலாம்; சின்ன பிளேடு, கத்தரிக்கோல், நகம் தேய்க்கும் அரம் உண்டு. 'ஸ்பார்ட்டன்' 91 மி.மீ., எடை சுமார் 60 கிராம். இரண்டு பிளேடு, பாட்டில் ஓப்பனர், டின் ஓப்பனர், கார்க் திருகு. துருப் பிடிப்பது அரிது. தயாரிப்புக் குறைகளுக்கு ஆயுள்கால உத்தரவாதம் தருகிறார்கள். பார்த்தால் யாருக்கும் பயம் வராது என்பதும் ஒரு பலம். அலுவலக மேசையில் எடுத்தால் பக்கத்து சீட்காரர் கேக் வெட்டக் கடன் கேட்பார். குறை: லாக் இல்லை, ஒரு கையால் திறக்க வராது, கூர்மையை அடிக்கடி புதுப்பிக்க வேண்டும்.

ஒபினெல்: பிரான்ஸின் சவோய் மலைப்பகுதியில் 1890 முதல் வருவது. மரக் கைப்பிடி, மெல்லிய பிளேடு, வளைய லாக். எண் 6 முதல் மேலே உள்ளவற்றில்தான் வளைய லாக் இருக்கும். எண் 8-இன் பிளேடு 8.5 செ.மீ.; 3 அங்குலத்துக்குள் வேண்டும் என்றால் எண் 6. ஒரே தோற்றத்தில் கார்பன் ஸ்டீல், ஸ்டெயின்லெஸ் என்று இரண்டு வரும், படம் பார்த்து மாற்றி வாங்கிவிடாதீர்கள். கார்பன் பிளேடில் எலுமிச்சை, மாங்காய் பட்டால் கறுக்கும், ஈரத்தில் துருப் பிடிக்கும். நம் ஊருக்கு ஸ்டெயின்லெஸ்தான் சரி. குறை: மழைக்காலத்தில் மரம் ஈரம் குடித்து ஊதிக்கொள்ளும், பிளேடைத் திறக்கவே மல்லுக்கட்ட வேண்டியிருக்கும். தண்ணீரில் ஊறப் போடவே கூடாது.

சீனத் தயாரிப்பு லைனர் லாக் கத்திகள்: கான்சோ, சான்ரென்மு போன்ற பெயர்களில் வருபவை. 8சிஆர்13எம்ஓவி, 440சி, டி2 என்று ஸ்டீல் பெயரைச் சொல்லியே விற்கிறார்கள். ஒரு கையால் திறக்கலாம், கிளிப் உண்டு, கொடுத்த காசுக்கு நல்ல பொருள். குறை: இதே தோற்றத்தில் பெயரில்லாத நகல்கள் ஏராளம். அசல் எது, நகல் எது என்று படத்தை வைத்துச் சொல்ல முடியாது. தோற்றமும் கொஞ்சம் 'ஆயுதம்' மாதிரி இருப்பதால் சோதனைகளில் கேள்வி அதிகம் வரும்.

வார்த்தைகளில் விழாதீர்கள்

'சர்ஜிகல் ஸ்டீல்' என்பது ஒரு தரப் பெயரே இல்லை, விளம்பர வார்த்தை. 599 ரூபாய்க்கு 'டமாஸ்கஸ்' என்றால், மேலே அலை அலையாகக் கோலம் பொறித்த சாதாரண ஸ்டீலாக இருக்கத்தான் வாய்ப்பு அதிகம். '11 இன் 1 சர்வைவல்' என்று டார்ச், விசில், தீக்கல் எல்லாம் சேர்த்துத் தருபவர், பிளேடில் எங்கோ காசை மிச்சம் பிடித்திருப்பார். 'ராணுவம் பயன்படுத்துவது' என்ற வரியைப் படித்தால் அப்படியே ஸ்க்ரோல் செய்து போய்விடுங்கள்.

போலிகளையும் கவனியுங்கள். விக்டோரினாக்ஸ் பெரிய பிளேடின் அடியில் நிறுவனப் பெயரும் 'சுவிஸ் மேட்' என்ற முத்திரையும் தெளிவாகப் பதிந்திருக்கும். ஒபினெல் பிளேடில் கிரீடத்தின் கீழே ஆசீர்வதிக்கும் கை என்ற சின்னம் இருக்கும். எழுத்து மங்கலாகவோ கோணலாகவோ இருந்தால் திருப்பி அனுப்புங்கள். முடிந்தவரை நிறுவனத்தின் அதிகாரபூர்வ விற்பனையாளரிடமே வாங்குங்கள்.

பெட்டியைப் பிரித்ததும் பத்து நிமிடச் சோதனை

ரிட்டர்ன் அவகாசம் முடியும் முன் இதைச் செய்துவிடுங்கள். பிரிக்கும்போதே வீடியோ எடுத்து வைத்தால் பின்னால் வாக்குவாதம் மிச்சம்.

1. மூடிய நிலையில் பிளேடு நடுவில் இருக்கிறதா? ஒரு பக்கத் தகட்டை உரசினால் பொருத்தம் சரியில்லை.

2. மூடிய கத்தியைப் பிளேடு வெளியே வரும் பக்கம் கீழே இருக்கும்படி பிடித்து, மெத்தைக்கு மேலே லேசாகக் குலுக்குங்கள். பிளேடு தானாக வெளியே வரக் கூடாது. வந்தால் பாக்கெட்டில் வைக்கவே கூடாத கத்தி அது.

3. முழுதும் திறந்து, பிளேடின் முதுகை விரல்களால் பிடித்து இடம் வலமாக, மேலும் கீழுமாக அசையுங்கள். ஆட்டம் இருக்கக் கூடாது. இடவல ஆட்டம் என்றால் அச்சு திருகை ஒரு துளி இறுக்கிப் பார்க்கலாம். மேல்கீழ் ஆட்டம் என்றால் லாக்கில் கோளாறு, திருப்பி அனுப்பிவிடுங்கள்.

4. லைனர் லாக் என்றால், தகடு பிளேடின் அடியை எவ்வளவு தொடுகிறது என்று பாருங்கள். மூன்றில் ஒரு பங்காவது முட்டியிருக்க வேண்டும். ஓரத்தில் மட்டும் தொட்டால் ஆபத்து.

5. ஒரு ஏ4 தாளை வெட்டிப் பாருங்கள். அடியிலிருந்து முனை வரை ஒரே சீராக வெட்ட வேண்டும். ஓர் இடத்தில் மட்டும் கிழித்தால் அங்கே கூர் சரியில்லை.

யூடியூபில் சிலர் பிளேடின் முதுகை மேசையில் அடித்து லாக்கைச் சோதிப்பார்கள். அதைச் செய்யாதீர்கள். நல்ல லாக்கும் கெடும், கெட்ட லாக் உங்கள் விரலைக் கெடுக்கும்.

மூடும்போது எப்போதும் ஒரே விதி: பிளேடு மடங்கி வரும் பாதையில் எந்த விரலும் இருக்கக் கூடாது. லைனர் லாக்கில் கட்டை விரலால் தகட்டைத் தள்ளி, பிளேடைக் கொஞ்சம் மடக்கியதும் கட்டை விரலை எடுத்துவிட்டுப் பிறகு முழுதும் மூடுங்கள். கத்தி கை தவறி விழுந்தால் பிடிக்கப் போகாதீர்கள். விழட்டும், நீங்கள் ஒரு அடி பின்னால் போங்கள்.

வாங்கிய பிறகு

பழம் வெட்டியதும் கழுவி, துடைத்து, காய வைத்து மூடுங்கள். ஈரத்தோடு மூடினால் துரு உள்ளே இருந்து தொடங்கும். அச்சில் மாதம் ஒரு துளி தையல் மெஷின் எண்ணெய் போதும். உணவுக்குப் பயன்படுத்தும் கத்தி என்றால் பிளேடில் வழிந்ததை நன்றாகத் துடைத்துவிடுங்கள். தேங்காய் எண்ணெய் அவசரத்துக்குச் சரி, நாளாக நாளாகப் பிசுபிசுத்துத் தூசி சேர்க்கும்.

மழுங்கிய கத்திதான் அதிகம் வெட்டும், உங்கள் கையை. ஏனென்றால் அதிகமாக அழுத்துவீர்கள், நழுவும். ஹார்டுவேர் கடையில் கிடைக்கும் இருபக்க சாணைக்கல் ஒன்றை வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு பக்கமும் 15 முதல் 20 டிகிரி கோணத்தில், இரண்டு பக்கமும் சமமாகத் தேயுங்கள். தெருவில் சைக்கிள் சக்கரத்தோடு வரும் சாணைக்காரர் அரிவாள்மனைக்கு நல்லவர்தான். ஆனால் உலர்ந்த சக்கரத்தின் சூட்டில் மெல்லிய பிளேடின் பதம் போய்விடலாம், உலோகமும் அதிகம் தேய்ந்துவிடும். சின்னக் கத்தியை நீங்களே பார்த்துக்கொள்வது நல்லது.

அப்போ, எதை வாங்குறது?

அலுவலகம், மெட்ரோ, அடிக்கடி பயணம் என்ற வாழ்க்கை என்றால் விக்டோரினாக்ஸின் சின்ன மாடல். ஆனால் விமானம், மெட்ரோ நாள்களில் அதையும் பையிலிருந்து எடுத்துவிடுங்கள்.

பிஜி அறையில், சுற்றுலாவில் காய், பழம் நறுக்கத்தான் என்றால் ஸ்டெயின்லெஸ் ஒபினெல். ஈரத்திலிருந்து மட்டும் காப்பாற்றுங்கள்.

ட்ரெக்கிங், பைக் பயணம், கயிறு, பிளாஸ்டிக் என்றால் பெயர் தெரிந்த நிறுவனத்தின் 8சிஆர்13எம்ஓவி அல்லது 440சி லைனர் லாக். கையால் திறப்பது, 3 அங்குலத்துக்குள். டி2 வேண்டும் என்றால் துடைக்கும் பழக்கமும் வைரத் தகடும் இருந்தால் மட்டும்.

முதலில் பார்த்த அந்த மூன்று கத்திகளுக்கு வருவோம். ஸ்டீல் பெயரே சொல்லாத 599-ஐ விட்டுவிடுங்கள். பட்டன், ஸ்பிரிங் இருந்தால் 2,199-ஐயும் விட்டுவிடுங்கள். நடுவில் இருப்பது ஸ்டீல் பெயரைச் சொல்லி, பத்து நிமிடச் சோதனையிலும் தேறினால் அதை வைத்துக்கொள்ளலாம். மிச்சப் பணத்தில் ஒரு சாணைக்கல் வாங்குங்கள். 1,299 ரூபாய் கத்தியும் ஒரு கல்லும் இருக்கிறவர், 2,199 ரூபாய் கத்தியை மழுங்க விட்டவரை விட நன்றாக வெட்டுவார்.